எமுலேட்டரில் பழைய கேம் விளையாட எந்தக் கன்ட்ரோலர்? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எமுலேட்டரில், அதாவது பழைய கேம் பெட்டியைப்போல நடிக்கும் மென்பொருளில், பழைய கேம் விளையாடக் கன்ட்ரோலர் தேடுபவர்கள் பெரும்பாலும் தேவையில்லாத கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதிருமா, விளக்கு எரியுமா, வயர் இல்லாமல் ஓடுமா, ஸ்டிக் (கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் சாய்க்கும் சின்னக் குச்சி) காந்தத்தில் வேலை செய்யுமா என்று. கான்ட்ராவுக்கும் மாரியோவுக்கும் முஸ்தபாவுக்கும் இதில் ஒன்றுகூட வேண்டாம். வேண்டியது இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டன், அதாவது டி-பேட். அது நன்றாக இருந்தால் ஆயிரம் ரூபாய்க் கன்ட்ரோலரே போதும். அது சொதப்பினால் ஆறாயிரம் கொடுத்து வாங்கியதிலும் மாரியோ பள்ளத்தில்தான் விழுவார்.

எங்கள் பக்கத்தில் கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கியதும், பரணில் கிடக்கும் லேப்டாப்பை எடுத்து "இதுல கேம் ஓடுமா மாமா?" என்று கேட்பது வாடிக்கை. ஓடும். அந்தக் கேள்விக்குப் பிறகு வருவதுதான் கன்ட்ரோலர் கேள்வி. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர் என்று எங்கே இருந்தாலும் நல்ல கேமிங் கடை என்று ஒன்று பக்கத்தில் இருப்பது அபூர்வம். கையில் பிடித்துப் பார்த்து வாங்கும் வசதி குறைவு என்பதால், எதைப் பார்த்து வாங்குவது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

படி 1: கன்ட்ரோலரை விடுங்கள், கேம் பட்டியலை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, நீங்கள் உண்மையிலேயே விளையாடப் போகும் பத்து கேம்களை எழுதுங்கள். ஐயாயிரம் கேம் உள்ள மெமரி கார்டை வாங்கி வைத்திருந்தாலும் கடைசியில் விளையாடுவது இந்தப் பத்தைத்தான். இந்தப் பட்டியல்தான் கன்ட்ரோலரை முடிவு செய்யும்.

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமின் நகல்கள். கேசட் போட்டு விளையாடிய மாரியோ, கான்ட்ரா, டாங்கி காங் எல்லாம் அந்த வகை. இதற்கு டி-பேட், இரண்டு பட்டன், ஸ்டார்ட், செலக்ட் மட்டும் போதும். நகல் பெட்டிகளின் கன்ட்ரோலரில் நான்கு பட்டன் இருந்ததே என்று கேட்கலாம். மேலே இருந்த இரண்டும் டர்போ. அதே ஏ, பி பட்டன்களைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

1990-இல் வந்த சூப்பர் ஃபாமிகாமுக்கு முன்பக்கம் நான்கு பட்டன், தோளில் இரண்டு. சேகா மெகா டிரைவுக்கு முதலில் மூன்று பட்டன், பிறகு ஆறு பட்டன் கன்ட்ரோலரும் வந்தது. 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷனுக்கு முன்பக்கம் நான்கு, தோளில் நான்கு. ஆனால் ஸ்டிக் கிடையாது. ஸ்டிக் 1997-இல்தான் சேர்ந்தது. அதனால் டெக்கன் 3 போன்ற கேம்களை டி-பேடிலேயே முழுதாக விளையாடலாம். ஏப் எஸ்கேப் போல இரண்டு ஸ்டிக்கும் கட்டாயம் என்று கேட்கும் பிளேஸ்டேஷன் 1 கேம்கள் மிகச் சில.

ஸ்டிக் இல்லாமல் பெரும்பாலும் நகராதவை 1996-இல் வந்த நின்டெண்டோ 64, பிறகு டிரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் வகையறா. உங்கள் பத்தில் இவை நான்கைந்து இருந்தால் மட்டும் ஸ்டிக்கின் தரத்தைப் பற்றி யோசியுங்கள்.

ஆர்கேட், அதாவது கடையில் காசு போட்டு ஆடும் பெட்டிகளின் கேம்கள் தனி உலகம். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் முஸ்தபா என்று சொல்லும் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், காப்காம் 1993-இல் வெளியிட்டது. அதற்கு அடி, குதி என்று இரண்டே பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உயிரைக் கொஞ்சம் தின்றுவிட்டுச் சுழன்று அடிப்பார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆறு பட்டன். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வகைக்கு நான்கு. பட்டியலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் முதலிடத்தில் இருந்தால், வலப்பக்கம் மூன்றும் மூன்றுமாக ஆறு பட்டன் இருக்கும் கன்ட்ரோலரைத் தேடுவது புத்திசாலித்தனம். எய்ட்பிட்டூ எம்30 அந்த ரகம்.

படி 2: எதில் ஓட்டப் போகிறீர்கள்?

2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் இன்னும் உயிரோடு இருந்தால் அதுவே தாராளம். பிளேஸ்டேஷன் 1 வரை அது அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். யூஎஸ்பி துளைகள் ஆடாமல் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பத்து வருடம் பென்டிரைவ் செருகியதில் தளர்ந்திருக்கும். தளர்ந்த துளையில் வயர் கன்ட்ரோலர் செருகினால் நடு ஆட்டத்தில் விட்டுவிட்டுப் போகும், பழி கன்ட்ரோலர் மேல் விழும்.

போனில் விளையாடுவதானால் இரண்டு வழி: புளூடூத், அல்லது ஓடிஜி இணைப்பானில் (போனின் சார்ஜ் துளையில் யூஎஸ்பி வயரைச் செருக உதவுவது) வயர். ஆண்ட்ராய்டுக்குக் கன்ட்ரோலர் புதிதல்ல, தனி ஆப் எதுவும் தேவையில்லை. ஆனால் சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் போய் நாமே இயக்க வேண்டும், கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் தானாக அணைந்துவிடும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப்போகும் முன் இதைப் பாருங்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, ஆண்ட்ராய்டு டிவி பெட்டி இரண்டும் பெரும்பாலான கன்ட்ரோலர்களை ஏற்கும். விசைப்பலகையே போதாதா என்றால், ஒருவருக்குப் போதும். இருவருக்குப் போதாது. பிரௌசிங் சென்டரில் ஒரே கீபோர்டில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு விளையாடியவர்களுக்குத் தெரியும்: ஒருவர் இரண்டு கீயை அழுத்திப் பிடித்திருக்கும்போது அடுத்தவர் குத்தினால் குத்து விழாது. சாதாரணக் கீபோர்டில் கீகள் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலையில் கட்டப்பட்டிருக்கும். சில மூன்று கீ சேர்க்கைகளில் எது அழுத்தப்பட்டது என்று அதற்கே குழப்பம் வரும் என்பதால், மூன்றாவதை அது கண்டுகொள்ளாது.

கேம் கோப்புகள் பற்றி ஒரு வார்த்தை. எமுலேட்டர் சட்டப்படி சரி; பழைய கேமுக்கு இன்னும் பதிப்புரிமை உண்டு. நீங்கள் வைத்திருக்கும் வட்டிலிருந்து எடுத்தது, விலைக்கு வாங்கியது, ஆர்வலர்கள் இப்போது புதிதாக எழுதி இலவசமாகக் கொடுப்பது என்று நேரான வழிகள் இருக்கின்றன.

படி 3: டி-பேடைச் சோதிக்கும் விதம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

இந்தக் கூட்டல் குறி வடிவத்தை நின்டெண்டோவில் குன்பெய் யோகோய் 1982-இல் டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்காக வடிவமைத்தார். உள்ளே பார்த்தால் விஷயம் எளிது. நடுவில் ஒரு முளை. அதன்மேல் சிலுவை சீசா போல ஆடும். நான்கு கைகளுக்கும் அடியில் நான்கு ரப்பர் குமிழ், ஒவ்வொன்றிலும் கார்பன் பொட்டு. அழுத்தினால் கார்பன் கீழே சர்க்யூட்டைத் தொடும், திசை பதிவாகும். நடு முளை சரியான உயரத்தில் இருந்தால் ஒரு பக்கம் இறங்கும்போது எதிர்ப்பக்கம் எழும். முளை குட்டையாக இருந்தாலோ ரப்பர் தொளதொளவென்று இருந்தாலோ சிலுவை முழுதும் ஒன்றாக அமிழும். நீங்கள் மேலே மட்டும் அழுத்தியிருப்பீர்கள், கேமுக்கு மேலும் வலமும் சேர்ந்து போகும். மலிவான கன்ட்ரோலர்களின் முக்கால்வாசிக் குறை இதுதான். மலிவில் மட்டும் என்றும் சொல்ல முடியாது: 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் மற்ற எல்லாவற்றுக்கும் பாராட்டு வாங்கி, டி-பேடுக்கு மட்டும் உலகம் முழுக்கத் திட்டு வாங்கியது. 2010-இல் மைக்ரோசாஃப்ட் டி-பேடை மாற்றி இன்னொரு கன்ட்ரோலரே வெளியிட்டது.

சோதிக்க மூன்று வழி சொல்கிறேன். கடையில் முதலாவதை மட்டும் செய்ய முடியும், மற்றவை வீட்டில்.

கடையில், கன்ட்ரோலரை எதிலும் செருகாமலே, டி-பேடின் வலது கையைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். இடது கை லேசாக மேலே எழுகிறதா? எழுந்தால் நல்லது. எல்லாம் சேர்ந்து பள்ளத்தில் இறங்கினால் வைத்துவிடுங்கள். அடுத்து நடுவில் அழுத்துங்கள். நடுப்பகுதி உறுதியாக நிற்க வேண்டும். பஞ்சுபோல அமுங்கினால் அதுவும் சரியில்லை.

வீட்டில் கான்ட்ராவைப் போடுங்கள். கீழே அழுத்தினால் ஆள் தரையில் படுப்பார். கீழ் அழுத்தத்தை விடாமல், கட்டைவிரலை இடமும் வலமும் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். நல்ல டி-பேடில் ஆள் படுத்தே கிடப்பார். கெட்டதில் எழுந்து நடந்து குண்டை வாங்குவார். விரலை வேண்டுமென்றே நன்றாகச் சாய்த்தால் எழுவது சரிதான். லேசான சாய்வுக்கே எழுந்தால் அந்தக் கன்ட்ரோலரைத் திருப்பி அனுப்புங்கள்.

மூன்றாவது இதற்கு நேர் எதிர். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கீழ், கீழ்-வலம், வலம் என்று கால்வட்டம் உருட்டிக் குத்தை அழுத்தினால் நெருப்புப் பந்து வரும். இரு பக்கமும் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராமல் போனால், மூலைத் திசைகள் சரியாகப் பதிவாகவில்லை என்று பொருள். கான்ட்ரா சோதனையில் கல்போல நிற்கும் சில டி-பேடுகள் இதில் தோற்கும். உங்கள் பட்டியலில் தாவிக் குதிக்கும் கேம்கள் அதிகமென்றால் கல்போல நிற்கும் வகை, சண்டைக் கேம்கள் அதிகமென்றால் உருளும் வகை. வட்டத் தட்டின்மேல் சிலுவை பொறித்த டி-பேடுகள் உருட்டச் சுகமானவை. இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கும் டி-பேடைத் தேடி அலைய வேண்டாம், பட்டியலில் அதிகம் இருப்பதற்கு ஏற்றதை எடுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: டி-பேட் இருக்கும் இடம். எக்ஸ்பாக்ஸ் வடிவக் கன்ட்ரோலர்களில் இடது ஸ்டிக் மேலே, டி-பேட் கீழே, உள்பக்கமாக இருக்கும். கட்டைவிரல் இயல்பாக விழும் இடம் மேலே இருப்பது. மணிக்கணக்கில் டி-பேடிலேயே விளையாடுவதற்கு அது மேலே இருக்கும் பிளேஸ்டேஷன் வடிவம், அல்லது சூப்பர் ஃபாமிகாம் வடிவம்தான் கைக்கு வலிக்காதது. கடைக்காரர் எக்ஸ்பாக்ஸ் வடிவத்தைத்தான் நீட்டுவார், அதுதான் இன்றைய வழக்கம். புது கேம்களுக்கு அது சரி. பழையதற்கு நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

படி 4: வலப்பக்கப் பட்டன்கள்

நின்டெண்டோ கன்ட்ரோலரில் ஏ வலப்பக்கம், பி கீழே. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம். திரையில் "ஏ அழுத்து" என்று வந்தால் விரல் தவறான இடத்துக்குப் போகும். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் மென்பொருளான ரெட்ரோஆர்க் எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துப் பொருத்தும், சூப்பர் ஃபாமிகாம் வரிசையில். எனவே எக்ஸ்பாக்ஸ் வடிவக் கன்ட்ரோலரில் ஏ என்று எழுதியிருப்பதைப் பி என்று மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும், பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில்.

பழகாத ஒன்று உண்டு. மாரியோவில் ஓட பி, குதிக்க ஏ. பி-யை அழுத்திப் பிடித்தபடியே ஏ-வைத் தட்ட வேண்டும். இயல்பு அமைப்பில் இவை கீழ்ப் பட்டனுக்கும் வலப் பட்டனுக்கும் போகும், கட்டைவிரலை மடக்க வேண்டி வரும். இடப் பட்டனில் ஓட்டத்தையும் கீழ்ப் பட்டனில் குதிப்பையும் வைத்துப் பாருங்கள். விரலின் நுனி ஒன்றிலும் நடு மூட்டு மற்றதிலும் படுத்துக்கொள்ளும். ஃபாமிகாம் கேம்கள் எல்லாவற்றுக்கும் நான் இப்படித்தான் மாற்றி வைப்பேன்.

பட்டன் அழுத்தம் பற்றிப் பிளேஸ்டேஷன் 2 ஆட்கள் மட்டும் கவனிக்க வேண்டியது: அதன் கன்ட்ரோலரில் முன்பக்கப் பட்டன்களே எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும். இன்றைய கன்ட்ரோலர்களில் அது கிடையாது. மெட்டல் கியர் சாலிட் 2, 3 போன்றவற்றில் இது இடிக்கும். பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2-இல் மெல்லிய அழுத்தத்துக்கென்று தனி பட்டன் ஒதுக்கிக்கொள்ளலாம்.

படி 5: வயரா, வயர் இல்லாமலா?

வயர். சந்தேகமே வேண்டாம், பணமும் மிச்சம்.

பழைய கேம் ஒரு நொடிக்கு 60 படம் காட்டுகிறது, ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. சாதாரண யூஎஸ்பி கன்ட்ரோலரை கணினி நொடிக்கு 125 முறை விசாரிக்கும், அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. பாதிப் படத்துக்குள் முடிந்துவிடும். நொடிக்கு 1000 முறை என்று விளம்பரம் செய்யும் கன்ட்ரோலரின் கூடுதல் லாபம் மிஞ்சிப்போனால் 7 மில்லிநொடி. அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால், சின்ன யூஎஸ்பி ரிசீவருடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் புளூடூத்துக்கு முன்னால் பாருங்கள். புளூடூத்தின் தாமதம் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர், லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். பழைய லேப்டாப்பின் புளூடூத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது. போனுக்கு மட்டும் புளூடூத் நல்ல தீர்வு, வயர் தொங்காது.

ஆனால் தாமதத்தின் பெரிய குற்றவாளி கன்ட்ரோலர் அல்ல, டிவி. எல்இடி டிவி படத்தை அழகுபடுத்துகிறேன் என்று பல படங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு தாமதமாகக் காட்டும். டிவி செட்டிங்ஸில் கேம் மோடு என்று ஒன்று இருக்கும். அதை இயக்குங்கள், மோஷன் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அணையுங்கள். கன்ட்ரோலர் மந்தமாக இருக்கிறது என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை இதோடு தீர்ந்துபோயின. இன்னும் சில வீடுகளில் 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். பின்னால் மஞ்சள் ஏவி துளை இருந்து, அது இன்னும் படம் காட்டினால் விட்டுவிடாதீர்கள். அந்தக் குழாய் டிவியில் தாமதம் என்பது கிட்டத்தட்ட இல்லை. ராஸ்பெர்ரி பை 3, 4 இரண்டிலும் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து அதற்குப் படம் எடுக்கலாம். 4-இல் மட்டும் அதை அமைப்பில் முதலில் இயக்க வேண்டும். பழைய கேம் பழைய டிவியில் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும், குழாய் டிவித் திரையில் தெரியும் கிடைக்கோடுகளை மனதில் வைத்து வரையப்பட்ட ஓவியங்கள் அவை.

ரெட்ரோஆர்க்கில் ரன்-அஹெட் என்ற வசதியும் உண்டு. கேமே தன்னுள் வைத்திருக்கும் தாமதத்தை அது கழிக்கும். முதலில் எவ்வளவு என்று அளக்க வேண்டும்: கீபோர்டில் பி (P) அழுத்திக் கேமை நிறுத்துங்கள், குதிக்கும் பட்டனைப் பிடித்தபடி கே-யை (K) ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எத்தனையாவது தட்டில் ஆள் அசைகிறாரோ, அதிலிருந்து ஒன்றைக் கழித்து ரன்-அஹெட்டில் போடுங்கள். கூட்டிப் போட்டால் அசைவுகள் வெட்டி வெட்டித் தெரியும்.

படி 6: எக்ஸ்இன்புட்டா, டைரக்ட்இன்புட்டா

விண்டோஸ் கன்ட்ரோலரோடு பேசும் இரண்டு மொழி இவை. டைரக்ட்இன்புட் பழையது, எக்ஸ்இன்புட் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வந்தது. எமுலேட்டர்களுக்கு இரண்டும் புரியும், ஆனால் எக்ஸ்இன்புட் என்றால் செருகியதும் தானாகவே பொருந்திவிடும். இரண்டையும் மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பது நல்லது. லாஜிடெக் எஃப்310-இல் அதற்குப் பின்பக்கம் சின்ன சுவிட்ச் இருக்கும், டி-பேடும் மேலேதான். வேறு பலவற்றில் நடுவில் இருக்கும் ஹோம் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மாறும்.

விலை மிகக் குறைந்த, பெயர் இல்லாத யூஎஸ்பி கன்ட்ரோலர்களின் நடுவில் அனலாக் என்று ஒரு பட்டனும் ஒரு சிவப்பு விளக்கும் இருக்கும். விளக்கு அணைந்திருக்கும்போது டி-பேட் ஒரு மாதிரியும், எரியும்போது வேறு மாதிரியும் கணினிக்குத் தெரியும். நேற்று வேலை செய்த டி-பேட் இன்று செய்யவில்லை என்றால், யாரோ அந்தப் பட்டனைத் தட்டியிருக்கிறார்கள். விளக்கை எந்த நிலையில் வைத்து அமைத்தீர்களோ அதே நிலையில் வையுங்கள்.

படி 7: ஸ்டிக்

சாதாரண ஸ்டிக்கில் உள்ளே உராயும் பாகம் உண்டு, தேயத் தேய ஆள் தானாக நகரத் தொடங்குவார். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் காந்தத்தால் இயங்குவது, அப்படித் தேயாது. நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் 2 விளையாடுபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்கள் அதற்குக் கொடுக்கும் பணத்தை டி-பேடுக்குக் கொடுக்கலாம்.

படி 8: விலையும் வாங்கும் இடமும்

ஐநூறு ரூபாய்க்குள் கிடைப்பவை பிள்ளைகள் இரண்டு மாதம் போட்டு அடிக்க. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை காஸ்மிக் பைட், ரெட்கியர், எவோஃபாக்ஸ், ஆண்ட் ஈஸ்போர்ட்ஸ் போன்ற பெயர்களில் இந்தியச் சந்தையில் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் வடிவம். ஒரே நிறுவனத்திலேயே மாடலுக்கு மாடல் டி-பேட் வேறுபடும். அதனால் பெயரை நம்பாமல் மேலே சொன்ன சோதனையை நம்புங்கள். அதற்கு மேல் போகத் தயார் என்றால் எய்ட்பிட்டூவின் எஸ்என்30 ப்ரோ, ப்ரோ 2 இரண்டும் பழைய கேமை மனதில் வைத்தே செய்தவை, டி-பேட் மேலே இருக்கும். பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 வீட்டில் ஏற்கெனவே இருந்தால் வேறெதையும் வாங்க வேண்டாம். ஷேர் பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் புளூடூத்தில் இணையும். அதைப் புதிதாக வாங்குவதில் மட்டும் எச்சரிக்கை தேவை, அசலைப்போலவே பெட்டியில் வரும் போலிகள் ஏராளம். பாதி விலையில் கிடைத்தால் அது அசல் இல்லை.

ஆன்லைனில் வாங்குவதுதான் டெல்டாவில் நடைமுறை. திருப்பி அனுப்பும் காலக்கெடு எத்தனை நாள், பணம் திரும்ப வருமா அல்லது வேறு பொருள்தான் தருவார்களா என்று ஆர்டர் போடும் முன் படியுங்கள். பார்சல் வந்த அன்றே சோதனைகளை முடித்துவிடுங்கள். விமர்சனங்களைப் படிக்கும்போது "சூப்பர் புராடக்ட்" வகையறாவைத் தாண்டி, டி-பேட் என்ற சொல் வரும் விமர்சனங்களை மட்டும் தேடிப் படியுங்கள். கார் பந்தயம் விளையாடுபவர் கொடுத்த ஐந்து நட்சத்திரம் உங்களுக்கு எதுவும் சொல்லாது.

சென்னை போகும் வேலை இருந்தால் ரிச்சி தெருவில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைப் போனுக்காக வாங்குவதானால் பேட்டரி அறைக்குள் மாடல் எண்ணைப் பாருங்கள்: 1537, 1697 இரண்டிலும் புளூடூத் கிடையாது, 1708-இல் உண்டு. விற்பவர் எல்லாவற்றிலும் உண்டு என்றுதான் சொல்வார்.

படி 9: செருகியதும் செய்ய வேண்டியவை

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பழைய சோதனைப் பலகை வரும். ஒவ்வொரு பட்டனும் எரிகிறதா, ஸ்டிக்கின் கூட்டல் குறி நடுவில் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். டி-பேடின் ஒவ்வொரு திசையையும் பலமாக அழுத்திப் பிடித்து, ஒரு திசை மட்டும் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

ரெட்ரோஆர்க்கில் செட்டிங்ஸ், இன்புட், போர்ட் 1 கன்ட்ரோல்ஸ் போய் எல்லாப் பட்டன்களையும் வரிசையாகக் கற்றுக்கொடுத்து, கன்ட்ரோலர் புரொஃபைலைச் சேமியுங்கள். இது கன்ட்ரோலருக்கான அடிப்படை. மாரியோவுக்கு மட்டும் பட்டன் மாற்றுவதை இங்கே செய்யாதீர்கள். கேம் ஓடும்போது குயிக் மெனுவில் கன்ட்ரோல்ஸ் என்ற இடத்தில் மாற்றி, அந்த கோருக்கு (ரெட்ரோஆர்க்குக்குள் ஓடும் எமுலேட்டர்) அல்லது அந்தக் கேமுக்கு என்று தனியாகச் சேமியுங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் அடிப்படையையே மாற்றினால் ஒரு கேம் சரியாகும், ஒன்பது கேம் கெடும்.

அப்புறம் ஹாட்கீஸ் பகுதியில் மெனு வரவழைக்கும் சேர்க்கையாக செலக்ட், ஸ்டார்ட் இரண்டையும் வையுங்கள். கீபோர்டைத் தேடி எழுந்து போக வேண்டியதில்லை. ஆர்கேட் கேம்களில் செலக்ட்தான் காசு போடும் பட்டன். முஸ்தபா திரையில் காசு கேட்டு நின்றால் செலக்டைத் தட்டி, ஸ்டார்ட்டை அழுத்துங்கள். ஆர்கேட் கேம்களுக்கான மேம் எமுலேட்டரில் தனியாகக் கீபோர்டால் ஓட்டுபவர்களுக்குக் காசு 5, ஸ்டார்ட் 1.

மழைக்காலமும் உப்புக் காற்றும்

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் சுவரே வேர்க்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் உப்புக் காற்றும் சேரும். யூஎஸ்பி முனை பச்சை பூத்துப்போவதும், பட்டன் இரண்டு முறை அழுத்தினால்தான் பதிவாவதும் அதனால்தான். விளையாடாத நாட்களில் மூடி இறுக்கமான டப்பாவில், புதுச் செருப்பு, பை பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். எறும்பும் உள்ளே போகாது. முறுக்கு தின்ற கையோடு எடுப்பதை வீட்டில் தடை செய்யுங்கள், எண்ணெய் கார்பன் பொட்டு வரை இறங்கும். வாரண்டி முடிந்த பிறகு பட்டன் மந்தமானால் திருகுகளைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் சர்க்யூட்டையும் ரப்பரையும் லேசாகத் துடைத்துக் காயவிட்டு மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய், பெட்ரோல் இரண்டையும் அதன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

முஸ்தபாவுக்காகவே வாங்குபவர்களுக்கு

பட்டியலில் பாதிக்கு மேல் ஆர்கேட் என்றால், கன்ட்ரோலரை மறந்துவிட்டுக் குச்சியும் பெரிய பட்டனும் உள்ள பெட்டியைச் செய்துகொள்ளலாம். ஜாய்ஸ்டிக், பட்டன்கள், பட்டன்களைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி என்கோடர் அட்டை எல்லாம் ஒரே தொகுப்பாக ஆன்லைனில் கிடைக்கும். அட்டையில் ஜீரோ டிலே என்று எழுதியிருக்கும். உண்மையில் பூஜ்யம் இல்லை, ஆனாலும் போதும். பெட்டியை ஊர் ஆசாரியே செய்வார். அவரிடம் சொல்ல வேண்டியது: பட்டனுக்கு 30 மில்லிமீட்டர் துளை, ஸ்டார்ட்டுக்கும் காசுக்கும் 24. தட்டி உட்காரும் வகைப் பட்டன் மெல்லிய தகட்டுக்குத்தான் பிடிக்கும். பிளைவுட்டில் போடுவதானால் அடியில் மரை போட்டு இறுக்கும் வகையை வாங்குங்கள். பெட்டி கனமாக இருக்கட்டும். இல்லையென்றால் வேகம் பிடித்ததும் மடியிலிருந்து நழுவும்.

இரண்டாவது ஆள்

முஸ்தபாவின் அசல் ஆர்கேட் பெட்டியில் மூன்று பேர் வரை ஆடலாம். தனியாக ஆடுவதில் பாதி ருசிதான், ஆகவே எதை வாங்கினாலும் இரண்டு வாங்குங்கள், அதுவும் ஒரே மாடல். ஒருவருக்கு நல்லதும் மற்றவருக்கு மட்டமானதும் கொடுத்தால் தோற்றவர் கன்ட்ரோலர் மேல் பழி போடுவார், அதில் நியாயமும் இருக்கும். இரண்டையும் செருகியபின் யார் முதல் ஆள் என்பது மாறியிருந்தால், வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டாம். ரெட்ரோஆர்க்கில் போர்ட் 1 கன்ட்ரோல்ஸில் டிவைஸ் இன்டெக்ஸ் என்ற இடத்தில் கன்ட்ரோலரை மாற்றிக்கொள்ளலாம்.